கழனி டின்னும் கூழ்ப்பானையும்: தருமபுரி விடுதி மெஸ் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆடி 18 அன்று இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் விடுதி மெஸ்ஸின் பின்வாசலில் ஐந்து டின் சோறு நின்றது. 15 கிலோ எண்ணெய் டின்னின் மேல்தகட்டை வெட்டிக் குறுக்கே ஒரு கம்பு கட்டினால் அதுதான் டின். மெஸ்ஸில் தண்ணீர், அரிசி கழுவிய கழனி, மிச்சம் எல்லாவற்றுக்கும் அதுவே அளவு. ஆடிப்பெருக்கு என்றால் தருமபுரி மாவட்டத்தில் பாதிப் பேர் ஒகேனக்கல்லில் இருப்பார்கள். பையன்கள் முந்தின நாள் சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார்கள். மாஸ்டரிடம் ஒருவரும் சொல்லவில்லை, அவர் வழக்கம்போல முழுக் கணக்குக்கு அரிசி போட்டுவிட்டார். மிச்சம் எடுக்க வரும் பன்றிப் பண்ணைக்காரர் டின்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "சார், இவ்ளோத்தையும் கொண்டு போய்ப் போட்டா பன்னிங்களுக்கே செரிக்காது" என்றார்.

தருமபுரியை ஒட்டிய கல்லூரி ஒன்றில் நான் ஆசிரியர், கூடவே விடுதியின் துணைக் காப்பாளர். கல்லூரியின் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. இதே போன்ற மெஸ் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் இருக்கிறது, சேலத்திலும் இருக்கிறது. 320 பேர் சாப்பிடும் இந்த மெஸ்ஸில் மிச்சத்தைக் குறைக்கவும், வெளியூரிலிருந்து தினமும் வந்துபோகும் டே ஸ்காலர்களின் காலைப் பசிக்கு ஏதாவது செய்யவும் நாங்கள் எடுத்த முயற்சிகளை, தோற்றவற்றையும் சேர்த்து, எழுதுகிறேன்.

பசியை எப்படிக் கேட்பது

மிச்சத்தை டின் கணக்கில் அளந்துவிடலாம். பசியை அளக்க வழி தெரியவில்லை. ஒரு நாள் முதல் வகுப்பில், "காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள் யார்?" என்று கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை அறுபது பேர் நடுவில் கை தூக்கிப் பசி என்று சொல்லுமா? கேட்டது என் தப்பு.

மறுநாள் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டே கேள்வி, பெயர் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். வீட்டிலிருந்து எத்தனை மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறீர்கள்? வீட்டில் அடுப்பு எத்தனை மணிக்குப் பற்றவைக்கிறார்கள்? சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்துவிட்டது. ஏரியூர், பென்னாகரம், சித்தேரிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஆறு மணிக்கெல்லாம் பஸ் நிறுத்தத்தில் இருக்கிறார்கள், அடுப்பு எரிவதோ ஏழுக்கு. சில வீடுகளில் அம்மா அதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுகிறார். ஒரு சீட்டில், 'காலையில் அடுப்பு இல்லை, ராத்திரி செய்ததுதான்' என்று எழுதி, அதன் மேலேயே பேனாவால் அடித்திருந்தது.

பள்ளியில் இந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை குறைவு. 1956ல் காமராஜர் ஆட்சியில் பரவலான மதிய உணவும், 1982ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும் பத்தாம் வகுப்பு வரைக்கும் மதியச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்கின்றன. 2022 செப்டம்பரில் ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவும் வந்துவிட்டது. கல்லூரிக்கு வந்ததும் இது எதுவும் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கல்லூரி நாள் 25 என்று வைத்தால் நாளுக்கு 40 ரூபாய். நல்ல தொகைதான். ஆனால் அந்தக் காசில் காலைச் சாப்பாடு வாங்கும் பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. ரீசார்ஜ், ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம், தம்பியின் நோட்டு என்று போய்விடுகிறது. பசி கடைசியில்தான் வரிசைக்கு வரும்.

மிச்சம் ஏன் மிஞ்சுகிறது

எங்கள் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க ஆன செலவை, சாப்பிட்ட ஆள்–நாள் கணக்கால் வகுத்து பில் போடுவோம். விடுதியில் இருந்த யாருக்கும் இது தெரிந்த கதை. லாபம் வைக்க ஆள் இல்லை, நியாயமான முறைதான். ஆனால் மிச்சத்தை இது அழகாக மறைத்துவிடுகிறது.

கணக்கு இப்படி. ஒரு டின்னில் ஏறக்குறைய 12 கிலோ சோறு பிடிக்கும். அதற்கு அரிசி நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கிலோ 50 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் டின்னுக்கு 200 ரூபாய். சாதாரண நாளில் எங்களுக்கு மூன்று டின் மிஞ்சும், அதாவது 600 ரூபாய். 320 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு 2 ரூபாய்கூட இல்லை. 2 ரூபாய்க்கு யார் சண்டை போடுவார்கள்?

மாஸ்டர் பக்கத்து நியாயம் வேறு. அவருக்கு இந்த வேலையில் முப்பது வருஷம் ஆகிறது. ஏன் கூடுதலாகப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "சார், சோறு மிஞ்சினா என்னை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எட்டரைக்கு நாலு பேருக்குப் பத்தலைன்னா தட்டைத் தட்டிக்கிட்டு ஆபீஸ் ரூம் வரைக்கும் போவாங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. பற்றாக்குறைக்குத் தண்டனை உண்டு, மிச்சத்துக்கு இல்லை. இந்த நிலையில் எந்தச் சமையல்காரரும் ஒரு படி கூடத்தான் போடுவார்.

மூன்றாவது காரணம் மெஸ் கட் விதி. தொடர்ந்து மூன்று நாள் ஊருக்குப் போனால்தான் பில்லில் கழிப்போம். வெள்ளி சாயங்காலம் போய் ஞாயிறு ராத்திரி வருகிறவனுக்குச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒரே பில். அவன் எதற்கு மெனக்கெட்டு எழுதிவைப்பான்?

நாங்கள் முதலில் செய்த நல்ல காரியம், மிச்சத்தை மூன்று டின்னாகப் பிரித்தது. அண்டாவில் மிஞ்சியது ஒன்றில், தட்டில் மிஞ்சியது ஒன்றில், காய்த்தோல் இன்னொன்றில். தட்டில் போட்டதைக் கொட்டுகிறார்கள் என்றுதான் அதுவரை 'உணவை வீணாக்காதீர்' என்று சுவரில் எழுதிவைத்திருந்தோம். ஒரு வாரம் பார்த்ததில், பெரும்பங்கு அண்டாவிலிருந்தே வந்தது. பையன்களைத் திட்டி எழுதிய போர்டு, சமைக்கும் கணக்கைத் தீர்மானித்த எங்களைப் பார்த்து மாட்டியிருக்க வேண்டியது.

உலகக் கணக்கும் சின்னதில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022ல் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 28 விழுக்காடு ஓட்டல், கேன்டீன், மெஸ் மாதிரி இடங்களில். குப்பைமேட்டில் காற்றில்லாமல் மட்கும் சோறு மீத்தேனாக மாறும். நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட அது 25 மடங்குக்கு மேல் சூடேற்றும். எங்கள் சோறு பன்றிக்குப் போனதால் அந்தப் பாவம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஃபுளோரைடு தண்ணீருக்குப் பயந்து ஒகேனக்கல்லிலிருந்து குழாய் போட்டுக் குடிநீர் கொண்டுவந்த மாவட்டத்தில், வெளியூர்த் தண்ணீரில் விளைந்து லாரியில் வந்த அரிசியை நாளுக்கு மூன்று டின் கொட்டிக்கொண்டிருந்தோம்.

தோற்ற இரண்டு முயற்சிகள்

ஒரு பக்கம் மிச்சம், ஒரு பக்கம் பசி. எடுத்து இங்கே கொடுத்தால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது.

இரவு மிஞ்சும் சாம்பார் சாதத்தை ஊரில் ஓர் இல்லத்துக்குக் கொடுக்கத் தொடங்கினோம். இரண்டு வாரம் நன்றாக நடந்தது. மூன்றாவது வாரம், சித்திரை வெயில். ஏழரைக்கு வடித்த சோறு, ஒன்பதரைக்கு மூடி போட்ட டின்னில் ஏறி, வண்டி பஞ்சராகி, பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தது. மூடியைத் திறந்ததும் வாடை. நல்லவேளை, அங்கிருந்தவர் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வாரமே நிறுத்திவிட்டோம்.

இதில் ஒரு விஷயம் எங்களுக்கு அப்போது தெரியாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் வேகும்போதும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சூடான சாப்பாட்டை 60 டிகிரிக்கு மேலே வைத்திருக்க வேண்டும் என்று விதி சொல்வது இதற்காகத்தான். மிஞ்சிய உணவைப் பிறருக்குக் கொடுப்பதற்கென்றே 2019ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறையும் கொண்டுவந்திருக்கிறது. வெப்பப் பெட்டியும் வண்டியும் நேரம் குறிக்க ஆளும் உள்ள அமைப்புகள் இதைச் செய்யலாம். டின்னும் டிவிஎஸ் எக்ஸ்எல்லும் வைத்திருந்த நாங்கள் இறங்கியிருக்கக் கூடாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்களுக்கு மிஞ்சுவது இரவு ஒன்பதரைக்கு, டே ஸ்காலருக்குப் பசிப்பது காலை ஒன்பதுக்கு. ஒரே வளாகம்தான், ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு முழு ராத்திரி.

இரண்டாவது முயற்சி டோக்கன். கஷ்டப்படும் மாணவர்கள் துறைத் தலைவரிடம் சொன்னால் மெஸ்ஸில் காலை டிபனுக்கு இலவச டோக்கன் தருவோம் என்று அறிவித்தோம். ஒரு மாதத்தில் இரண்டு பேர் வாங்கினார்கள். ஒருவன் அதை நண்பனுக்குக் கொடுத்துவிட்டான். டோக்கனின் நிறம் வேறு மஞ்சள், வரிசையில் தூரத்திலிருந்தே தெரியும். அச்சடித்த நாங்களே அதை யோசிக்கவில்லை. சத்துணவு இத்தனை வருஷம் நிலைத்ததற்குக் காரணம் அந்த வரிசையில் 'ஏழைப் பிள்ளை' என்று தனி வரிசை இல்லாததுதான் என்பது எனக்கு அந்த மஞ்சள் டோக்கனைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அப்போது கையில் கிடைத்த யோசனை ஒன்று அமெரிக்காவிலிருந்து. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் 2010ல் தொடங்கிய 'ஸ்வைப் அவுட் ஹங்கர்' அமைப்பைப் பற்றிப் படித்தேன். அங்கே பருவத்துக்கு இத்தனை சாப்பாடு என்று முன்பணம் கட்டி அட்டை தேய்த்துச் சாப்பிடுகிறார்கள். தேய்க்காமல் மிஞ்சும் சாப்பாட்டுக் கணக்கை, பசித்த மாணவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். நமக்கு அந்த அட்டை முறை இல்லை. ஆனால் அதில் கைமாறுவது ஆறிப்போன சோறு இல்லை, இன்னும் சமைக்காத சாப்பாட்டின் காசு. எங்களுக்கும் தேவைப்பட்டது அதுதான். மிச்சத்தை எடுத்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, மிஞ்சவிடாமல் செய்து, மீதமாகும் காசை வேறொரு பானைக்குத் திருப்புவது.

பலகை, கரண்டி, ரவை

மெஸ் கட் விதியை ஒரு நாளுக்குக் குறைத்தோம். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் சொன்னால் போதும், ஒரு நாள் என்றாலும் கழிவு. முதலில் வாட்ஸ்அப்பில் ஓட்டு வைத்தோம். பாதிப் பேர் பார்க்கவில்லை, மீதிப் பேர் எல்லாக் கட்டத்தையும் தட்டிவிட்டார்கள். அப்புறம் கைகழுவும் இடத்தில் ஒரு கரும்பலகை மாட்டிச் சாக்பீஸைக் கயிற்றில் கட்டினோம். அறை எண்ணையும் எத்தனை பேர் இல்லை என்பதையும் எழுதினால் போதும். கை கழுவ எல்லோரும் வந்தாக வேண்டும், எழுதாமல் போனால் அறைத்தோழனே திட்டுவான். காசில்லாத இந்தப் பலகைதான் கூடுதல் பலன் தந்தது.

பரிமாறும் கரண்டியைச் சிறிதாக்கினோம். எத்தனை தடவை கேட்டாலும் போடு, முதல் தடவை மட்டும் பாதி. முதல் வாரம் 'கஞ்சப் மெஸ்' என்று சுவரில் கரியால் எழுதினார்கள். 'ப்' வராது என்று என் தமிழ்த்துறை நண்பர் அதைத் திருத்திவிட்டுப் போனார்.

மாஸ்டரின் பயத்துக்கு மருந்தாக ரவை வந்தது. அரிசியைப் பலகைக் கணக்குக்கு மட்டும் போடுங்கள், பத்தாமல் போனால் கால் மணியில் உப்புமா கிண்டிக்கொள்ளலாம், எவனாவது கத்தினால் என் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். ஸ்டோரில் எப்போதும் ரவையும் சேமியாவும் கையிருப்பு. மாதத்தில் இரண்டு மூன்று நாள் உப்புமா கிண்ட வேண்டி வரும். உப்புமாவுக்குப் பயந்தே எட்டு மணிக்குச் சாப்பிட வந்துவிடுகிறார்கள் என்பது எதிர்பாராத லாபம்.

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விலை சரிந்து ரோட்டோரம் கொட்டும் வாரங்களில், கூடை கூடையாக வாங்கித் தொக்கு கிண்டி வைக்கும் பழக்கமும் அந்த வருஷம்தான் வந்தது. மிச்சக் கணக்கோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆனால் விலை ஏறும் மாதத்தில் அந்தத் தொக்கு பில்லைத் தாங்கியது.

சிலர் சாண எரிவாயு மாதிரிச் சோற்று எரிவாயு கலன் போடலாம் என்றார்கள். நல்ல யோசனைதான், பெரிய வளாகங்களில் நடக்கிறது. எங்களுக்கு ஒத்துவரவில்லை. கலனுக்குத் தினமும் தீனி போட வேண்டும். தீனி வேண்டும் என்றால் சோறு மிஞ்ச வேண்டும். காய்த்தோலை மட்டும் குழியில் போட்டு உரமாக்குகிறோம்.

பலகை வந்த நாலு மாதத்தில் சாதாரண நாளின் மூன்று டின் ஒரு டின்னாகியது. சில நாள் அதுவும் நிறையாது. பன்றிப் பண்ணைக்காரர் வருத்தத்தோடு ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறார்.

பானை

மீதமான காசை என்ன செய்வது என்று மெஸ் கமிட்டியில் பேசியபோது, மாணவர் பிரதிநிதியான ரெப் ஒருவன் எழுந்து, "சார், அது நாங்க கட்டுற பணம். எங்க காசுல டே ஸ்காலருக்கு எதுக்கு?" என்றான். முகம் கோணிய சிலரை நான் பார்த்தேன், ஆனால் அவன் கேட்டது நியாயம். அரசு விடுதிகளில் கல்லூரி மாணவருக்கு மாத உணவுப்படி 1,500 ரூபாய், அதாவது மூன்று வேளைக்கும் நாளுக்கு 50. எங்கள் பையன்கள் கட்டுவது அதைவிடக் கூட, அவர்களிலும் கடன் வாங்கிக் கட்டுகிறவர்கள் உண்டு. கடைசியில் பாதியைப் பில்லில் குறைப்பது, பாதியை டே ஸ்காலர்களுக்கான காலைக் கூழ்ப்பானைக்குக் கொடுப்பது என்று முடிவானது. குறைகிற அளவுக்கு ஆசிரியர்கள் மாதாமாதம் போடுகிறோம். அந்த ரெப்தான் இப்போது பானைக் கணக்கு எழுதுகிறான்.

பானையில் ராகிக் கூழ். ஏன் இட்லியோ பொங்கலோ இல்லை? முதலில் விலை. 2025–26க்கு அரசு அறிவித்த ராகியின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், கிலோ 49 என்று வையுங்கள். ஒரு சொம்புக் கூழுக்கு 50 கிராம் மாவு போதும், இரண்டரை ரூபாய்க்குள் முடிகிறது. மேலே சொன்ன ஒரு டின் சோற்றின் 200 ரூபாயில் 80 பேருக்கு மாவு வாங்கலாம். அடுத்து, இது இந்த மண்ணின் பயிர். 2023ல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்க நீலகிரியோடு தருமபுரியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு, அரிசியில் 10 சொச்சம்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கூழ் ராத்திரியைத் தாங்கும். சோறும் சாம்பாரும் எதில் கெட்டதோ, கூழ் அதில்தான் பதமாகிறது. மாவை முந்தின இரவு கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் மாலை நொய் போட்டுக் கிண்டி, மண்பானையில் மூடிவிடுகிறோம். காலையில் அடுப்பு பற்றவைக்க வேண்டாம். கட்டியை உடைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கரைத்தால் ஆயிற்று. பாத்திரம் கழுவும் அக்காவின் கைப்பக்குவம் அது. மாஸ்டருக்கு வராது. முதல் நாள் அவர் கரைத்த கூழ் தண்ணீராக ஓடி, "சார், இது டீயா கூழா?" என்று பையன்கள் கேட்டார்கள். இரண்டாம் நாள் அக்கா பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு, கட்டியைச் சுவரோடு தேய்த்துத் தேய்த்து உடைத்துக்கொண்டே, "மத்து போட்டா கூழு செத்துரும் சார்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நூறு பேருக்குக் கொடுப்பது என்பதால் இப்போது நீளமான மரத்துடுப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பல நாள் அது மூலையில்தான் நிற்கிறது.

பெயர்ப் பட்டியல் கிடையாது, டோக்கன் கிடையாது. எட்டரைக்கு நூலகத்துக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் பானை, டம்ளர்கள், ஊறுகாய், மோர் மிளகாய். முதலில் ஆண்கள் விடுதி மெஸ் வாசலில் வைத்திருந்தோம், பெண்கள் ஒருவரும் வரவில்லை. மரத்தடிக்கு மாற்றிய வாரமே வந்தார்கள். இன்னொன்றும் உதவியது. முதல்வரும் நாங்களும் முதல் ஆளாகப் போய் நின்று குடித்தோம். வாத்தியார் குடிக்கிற இடத்தில் ஏழை என்ற முத்திரை ஒட்டாது. விடுதிப் பையன்கள் சிலரும் இட்லியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். அவர்களைத் தடுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில்தான் நிஜமாகவே பசித்தவன் மறைந்து நிற்க முடியும்.

ராகி குடித்தால் ரத்தம் ஊறும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காடு பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. அது ஒரு டம்ளர் கூழில் தீரும் விஷயம் இல்லை. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரைப் பொரியலும், கொள்ளுச் சுண்டலும் சேர்க்கிறோம். மதியப் பசி அப்படியேதான் இருக்கிறது. டிபன் பாக்ஸ் இல்லாமல் வரும் பிள்ளைகள் பன்னிரண்டரைக்கு நூலகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வதை இப்போதும் பார்க்கிறேன். அதற்கு எங்களிடம் காசும் இல்லை, யோசனையும் இல்லை. தேர்வு மாதத்தில் பலகைக் கணக்கு ஏன் தடுமாறுகிறது என்பதும் இன்னும் பிடிபடவில்லை. ஊருக்குப் போவதாக எழுதியவர்கள் படிக்க என்று இருந்துவிடுகிறார்கள், உப்புமா அன்றைக்குத்தான்.

இந்த வருஷம் ஆடி 18க்கு முந்தின இரவு பலகையில் இடம் போதாமல் பக்கத்துச் சுவரிலும் எழுதிவிட்டார்கள். மாஸ்டர் இரண்டு தடவை எண்ணிக் கூட்டி, மிச்சம் இருக்கப்போகிறவர்களுக்கு மட்டும் அரிசி அளந்தார். அன்றிரவு அரை டின்.

இப்போதைய தலைவலி பென்னாகரம் பஸ். பானை எட்டு ஐம்பதுக்கெல்லாம் அடிதட்டிவிடுகிறது. அந்த பஸ் வந்து நிற்பது ஒன்பது பத்துக்கு. இறங்குகிறவர்கள்தான் ஆறு மணிக்கு வீட்டை விட்டவர்கள். அக்கா ஒரு தூக்குப்போசியில் அவர்களுக்கென்று எடுத்து, பானைக்குப் பின்னால் துண்டு போட்டு மூடி வைக்கிறார். போன வாரத்திலிருந்து அதுவும் பத்தவில்லையாம், இன்னொரு தூக்கு கேட்டிருக்கிறார். சாமான் கேட்டு எழுதும் இண்டெண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.